பல்லக்கா பல் எடுத்த வருடம்

குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் எழுத்தராக இருந்த பெண்ணுக்கு ஞானப்பல் வலித்தால், அன்று மாலைக்குள் நகரத்தில் எங்காவது ஒரு தண்ணீர்க் குழாய் வெடித்தது. நான்கு பற்களுக்கும் நான்கு பகுதிகள். வலது கீழ்ப்பல்லுக்குச் சந்தை. வலது மேல்பல்லுக்கு மேட்டுத் தெருக்கள். இடது மேல்பல்லுக்கு ரயில் நிலையமும் அதைச் சுற்றிய குடியிருப்புகளும். இடது கீழ்ப்பல்லுக்கு ஆற்றோரம். குறுகுறுவென்று அரித்தால் எங்கோ ஒரு இணைப்பில் கசிவு. விண்ணென்று தெறித்தால் ஆறு அங்குலக் குழாய். பிரதான குழாய் என்றால் பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொள்வாள். பதினோரு வருடம் இப்படி நடந்தது. முதல் இரண்டு வருடம் ஊர் இதைப் பற்றிப் பேசியது. அதற்குப் பிறகு, காலையில் வானத்தைப் பார்த்துக் குடை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதைப்போல, அவளுடைய கன்னத்தைப் பார்த்துத் துணி ஊறவைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப் பழகிக்கொண்டது.

பற்கள் முளைத்தபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. வேலையில் சேர்ந்து நான்காவது வருடம். இரண்டாவது மாடியில் ஒற்றை ஜன்னல் வைத்த அறை, இரண்டு தொலைபேசிகள், பூட்டு கெட்டுப்போன இரும்பு அலமாரி, சுவர் முழுக்க நகரத்தின் குழாய் வரைபடம். புதிய குழாய்கள் நீலத்திலும் பழையவை சிவப்பிலும் இருந்தன. நீலம் கொஞ்சம்தான். காலை எட்டு மணிக்கு வால்வுக்காரர் வந்து புகார்ச் சீட்டுகளை வாங்கிக்கொண்டு போவார். ஆளுயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகப் போய், தரைக்கடியில் இருக்கும் வால்வுகளைத் திறப்பதும் மூடுவதும்தான் அவருடைய வேலை. பேச்சு குறைவு, கண் கூர்மை. அவள் வலது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாட்களில் தன் சட்டைப்பையில் சந்தைச் சீட்டுகளாகவே இருப்பதை அவர்தான் முதலில் கவனித்தார். மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல், தன் வீட்டுக் கதவின் பின்புறம் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டு வந்தார். பிறகு ஒருநாள் சீட்டை வாங்காமல் நின்றார்.

"எங்கம்மா வலிக்குது?"

"கீழ, வலது பக்கம். ஏன் கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. நான் சந்தைக்குப் போயிட்டு வந்துடறேன்."

சந்தையில் மீன்கடைகளுக்குப் பின்னால் இருந்த மூடியைத் தூக்கி வால்வை இறுக்கிவிட்டு, அங்கேயே ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். பதினொன்றரை மணிக்குத் தரைக்கடியில் யாரோ ஏப்பம் விட்டாற்போல ஒரு சத்தம் கேட்டது. குழாய் வெடித்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே வரவில்லை.

விஷயம் செயற்பொறியாளரின் காதுக்குப் போனது. நம்புவதா வேண்டாமா என்று அவர் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. வலி தொடங்குவதற்கும் குழாய் வெடிப்பதற்கும் இடையில் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று மட்டும் கேட்டார். சராசரியாக நான்கு மணி நேரமும் பத்து நிமிடமும் என்று வால்வுக்காரர் கதவைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். நல்ல மனிதர்தான் பொறியாளர், அதட்டிப் பேசியதில்லை. அடுத்த வாரமே அவளுக்குத் தலை சாய்த்துக்கொள்ள வசதியான நாற்காலி வந்தது. மேசையில் ஒரு மணி பொருத்தினார்கள். ஒரு தடவை அடித்தால் கசிவு, இரண்டு தடவை அடித்தால் வெடிப்பு. தணிக்கைக்கு வந்த அதிகாரி, இந்த ஏற்பாடு எந்தத் தலைப்பில் வருகிறது என்று கேட்டபோது ஒரு மணி நேரம் யோசித்து, தளவாடப் பதிவேட்டில் நீரேற்று மோட்டார்களுக்கும் வால்வுகளுக்கும் கீழே 'பல் – 4' என்று எழுதினார்கள். நிலை என்ற இடத்தில் 'பயன்பாட்டில் உள்ளது' என்று இருந்தது.

அதற்குப் பத்து வருடம் முன்பு ஆற்றோரத்தில் ஒரு குழாய் வெளியே தெரியாமல் ஒரு மாதம் கசிந்து, அடிமண்ணைக் கரைத்து, ஒரு மாடி வீட்டை இருந்த இடத்திலேயே கீழே இறக்கியிருந்தது. மூன்று பேர் போனார்கள். பற்கள் முளைத்த பிறகு அப்படி எதுவும் நடக்கவில்லை. இதை ஊரில் யாராலும் மறுக்க முடியாது, அவளாலும் முடியாது. பேக்கரிக்காரர் மாவு பிசைவதற்கு முன் ஆளனுப்பிக் கேட்டார். சலவைக்கடைக்காரர் தானே வந்து கேட்டார். தெருவில் போனால், "அக்கா, இன்னைக்கு எங்க பக்கம் எப்படி?" என்று குரல் கொடுத்தார்கள். அக்கா பல்லக்கா ஆனாள். ஏதோ பல்லக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவதுபோல இருக்கிறது என்று அவள் கணவர் சிரித்தார். யார் யாரைத் தூக்குகிறார்கள் என்று அவள் கேட்டாள். அப்போதெல்லாம் அவளாலும் சிரிக்க முடிந்தது.

வருடங்கள் போகப் போகச் சிரிப்பதற்கு வாய் திறக்கவேண்டியிருந்தது என்பதே பிரச்சினை ஆயிற்று. வலி மாத்திரை போடக்கூடாது என்று எழுத்தில் யாரும் சொல்லவில்லை. "மாத்திரை போட்டா தெரியாமப் போயிடும் இல்லையாம்மா," என்று பொறியாளர் ஒரு தடவை வருத்தத்தோடு சொன்னார், அவ்வளவுதான். அவள் போடவில்லை. விடுப்பும் எடுக்கவில்லை. வெளியூரில் அம்மா உடம்பு சரியில்லாமல் கிடந்தபோது இரண்டு நாள் போனாள். அந்த இரண்டு நாளும் வாசலில் வாரியத்தின் ஜீப் நின்றது. ஓட்டுநர் மணிக்கு ஒரு தடவை எட்டிப்பார்த்து, "ஏதாவது இருக்காக்கா?" என்று கேட்டார். அம்மா அதைத் தன்னைத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்து, பரவாயில்லை தம்பி என்று ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னாள்.

கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். வீட்டுக்கு வந்தால் விரல் நுனிகளில் வெள்ளைத் தூள் இருக்கும். கையைக் கழுவிவிட்டு அவளுக்காகச் சோற்றைக் குழைய மசிப்பார், காய்கறியைக் கூழாக வேகவைப்பார், ரொட்டியைப் பாலில் ஊறவைப்பார். மகள் அம்மாவுக்கு முத்தம் கொடுப்பது என்றால் நெற்றியில்தான் என்று மூன்று வயதிலேயே கற்றுக்கொண்டு, பதினான்கு வயதிலும் அதையே செய்தாள். சந்தைக் குழாய்கள்தான் ஊரிலேயே பழசு. அதனால் வலது கீழ்ப்பல் வாரத்தில் ஐந்து நாள் வலித்தது. அது இல்லாத இரண்டு நாளும் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருப்பதிலேயே போயிற்று. ஒரு சாயங்காலம் தலை வலிக்கிறது என்று படுத்தவள், இது ஊருடைய வலியா தன்னுடைய வலியா என்று வெகுநேரம் யோசித்தாள். தன்னுடையதுதான் என்று தெரிந்தபோது ஏதோ பழைய சிநேகிதியைப் பார்த்ததுபோல இருந்தது.

பதினோராவது வருடம் தாடை வீங்கியது. முதலில் ஈறு, பிறகு கன்னம், பிறகு காதுக்குக் கீழே ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு. வாய் ஒரு விரல் அகலத்துக்குமேல் திறக்கவில்லை. காய்ச்சலும் வந்தது. மகள்தான் பள்ளிப் பையைக் கீழே வைக்காமலேயே அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். செருப்புக் கடைக்கு மேலே, முதல் மாடியில் ஒரு பல் மருத்துவர் இருந்தார். இளம்பெண், ஊருக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வீக்கத்துக்கு மருந்து கொடுத்து, நான்கு நாள் கழித்துத் தாடை முழுவதையும் படம் எடுத்தார். படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

வலது கீழ்ப்பல் நிமிர்ந்து நிற்காமல் பக்கத்துப் பல்லின்மேல் தலைசாய்த்துப் படுத்திருந்தது. அதன் வேர் இரண்டாகத் தொடங்கி, நான்காகி, பதினேழு கிளைகளாகத் தாடையெலும்புக்குள் முகவாய்வரை ஓடியிருந்தது. மற்ற மூன்றும் அவ்வளவு இல்லை; ஆனாலும் சாதாரண வேர் எதற்கும் இல்லை. தகவல் கேட்டு ஓடிவந்த வால்வுக்காரர் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "இது மீன்கடைச் சந்து. இது வெங்காய மண்டி. இது தையல்காரங்க தெரு, இங்க ஒரு வளைவு இருக்கும், பாருங்க இருக்கு," என்று விரலை வைத்துக்கொண்டே போனார். மருத்துவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, தன் விஷயத்துக்கு வந்தார்.

"இவ்வளவு வேர் நான் பாத்ததில்லைங்க. ஆனா எடுக்கலாம். நரம்பை ஒட்டிப் போகுது, அதனால உதடு கொஞ்ச நாள் மரத்துப்போகலாம். சில பேருக்கு அப்படியே நின்னுடறதும் உண்டு. எடுக்கலேன்னா பக்கத்துப் பல்லும் போயிடும். இந்த மாதிரி வீக்கம் இன்னொரு தடவை வந்து தொண்டைக்கு இறங்கிச்சுன்னா மூச்சு விடறதே கஷ்டம். அவசரப்படுத்தல. ஒரு வாரம் யோசிச்சுட்டு வாங்க."

அந்த ஒரு வாரத்தில் அவள் வீட்டுக்கு வந்தவர்கள், அதுவரை பதினோரு வருடத்தில் வந்தவர்களைவிட அதிகம். வந்தவர்களில் பலர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார்கள். கடிக்க முடியாத ஆப்பிள்கள் கூடத்து மேசையில் குவிந்தன. யாரும் எடுக்காதே என்று நேராகச் சொல்லவில்லை. ஆற்றோரத்தில் வீடு இறங்கிய தெருவிலிருந்து வந்த பெரியவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தேநீர் குடித்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அரசு மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவில் வேலைசெய்யும் செவிலியர் ஒருத்தி சீருடையோடு வந்தாள். தண்ணீர் நிற்கப்போவது நான்கு மணி நேரத்துக்கு முன்பே தெரிந்தால் தொட்டிகளை நிரப்பிக்கொள்கிறார்கள்; தெரியாவிட்டால் ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் படுத்திருப்பவர்களைப் பாதியில் எழுப்பவேண்டியிருக்கும். இதைச் சொல்லிவிட்டு, "நான் சொல்றதைச் சொல்லிட்டேங்க. உங்க இடத்துல நானா இருந்தா எப்பவோ எடுத்திருப்பேன்," என்றும் சொன்னாள். இரண்டுமே உண்மைதான்.

பொறியாளர் கடைசியாக வந்தார். புதுக் குழாய்களுக்கான கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது, இன்னும் மூன்றே வருடம், சந்தை முழுவதும் மாற்றிவிடுவார்கள், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் போதும் என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. முகம் சிவந்து எழுந்து போனார். கோப்பு அவள் வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே நகர்ந்துகொண்டிருந்தது. அதை அவள் சொல்லவில்லை. சொல்வதற்கு வாய் திறக்கவேண்டும்.

வால்வுக்காரர் வந்து வீட்டுக்குள் நுழையாமல் படியிலேயே நின்றார். அவளுக்கு அவரைப் பார்த்ததும் அயர்ச்சி அதிகமாயிற்று. ஊரில் வேறு யாருக்கும் இல்லாத உரிமை அவருக்கு இருந்தது. அவர் வேண்டாம் என்று சொன்னால் தட்ட முடியாது.

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேம்மா," என்றார். "கண்டுபிடிச்சதே நான்தான். அன்னைக்கு வாயை மூடிட்டுப் போயிருந்தேன்னா நீ பாட்டுக்குப் போய் பல்லைப் பிடுங்கிட்டு வந்திருப்பே."

"குழாயும் வெடிச்சிருக்கும்."

"வெடிச்சிருக்கும். அதை அடைக்கத்தானே என்னை வேலைக்கு வெச்சாங்க."

கணவர் ஒன்றும் சொல்லாமல் ஆப்பிள்களைத் தோல் சீவி வேகவைத்துக்கொண்டிருந்தார். கேட்டால், "உன் வாய், உன் இஷ்டம்" என்றார். அவள் இதைக் கேட்டு எரிச்சலடைந்தாள். பதினோரு வருடம் ஊர் முழுக்க அவள் வாயில் கைவைத்திருக்கிறது. கைவைக்க உரிமையுள்ள ஒரே ஆள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். எடு என்று இவராவது சொல்லக்கூடாதா என்று இருந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பேசாமல் இருப்பது அவளுக்குச் சுலபமாக இருந்ததால் அவருக்கு அது தெரியவே இல்லை. ஒரு வாரம் ஆயிற்று. அவள் மருத்துவரிடம் போகவில்லை. வேண்டாம் என்று முடிவு செய்யவுமில்லை. முடிவு செய்யும் தெம்பு இல்லாமல், வழக்கம்போல வேலைக்குப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். போன வருடம் போய், ஆசிரியை மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோதே மேட்டுத் தெருவில் ஒரு குழாய்க்காகக் கண்ணில் நீர் முட்டி, மகள் ஏதோ தப்புச் செய்துவிட்டாள் என்று ஆசிரியை நினைக்கும்படி ஆகியிருந்தது. இந்தத் தடவை இரண்டு மணி நேரம், வெறும் இரண்டே மணி நேரம், அந்தப் பெண்ணுக்கு அம்மாவாக மட்டும் உட்கார்ந்திருக்க ஆசைப்பட்டாள். கைப்பையில் வைத்திருந்த மாத்திரையைப் பள்ளி வாசலில் போட்டுக்கொண்டாள். பதினோரு வருடத்தில் முதல் மாத்திரை. கூட்டத்தில் மகள் கணக்கில் கெட்டிக்காரி என்றும் வகுப்பில் அதிகம் பேசுகிறாள் என்றும் சொன்னார்கள். அவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் இருந்ததைக்கூடப் பார்த்தாள்.

அன்று பிற்பகல் ரயில் நிலையத்துக்கு எதிரே எட்டு அங்குலக் குழாய் வெடித்து, காகிதக் கடை ஒன்றில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. புதிதாக வந்திருந்த நோட்டுப் புத்தகங்கள் எல்லாம் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் கடைக்காரர் வாரியத்துக்கு வந்து கத்தினார். கத்தியதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. புதன்கிழமை அவள் மேசைக்கு ஒரு மெமோ வந்தது. பொறியாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். போடாமல் தவிர்க்க ஒருநாள் முழுக்க முயன்றதாகப் பிறகு சொன்னார்கள். 'மேற்படி தேதியில் தங்களது இடது மேல்பல் உரிய நேரத்தில் வலிக்காமைக்கான காரணத்தை மூன்று தினங்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டியது' என்று இருந்தது.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். கோபம் வருமென்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாள், வரவில்லை. கோபத்துக்கும் ஒரு தெம்பு வேண்டுமே. மாறாக, வெயிலில் வெகுதூரம் மூட்டை சுமந்து வந்த ஒருவருக்கு, இறக்கிவைக்கலாம் என்பது சட்டென்று ஞாபகம் வந்தாற்போல இருந்தது. மெமோவின் அடியிலேயே, 'பற்கள் எடுக்கப்படுகின்றன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, அனுப்புகைப் பதிவேட்டில் பதிந்து, பேனாவை மூடினாள். மணியை அடிக்காமல் எழுந்து மாடிப்படி இறங்கினாள். கண்ணாடிக் கடை வழியில்தான் இருந்தது. கணவர் அவளைப் பகலில் அங்கே பார்த்ததில்லை. அரைத்துக்கொண்டிருந்த லென்ஸை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"எடுத்துடப் போறேன்," என்றாள்.

"சரி," என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அப்பாடா," என்றார். பிறகு செருப்புக் கடை வரும்வரை கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். லென்ஸ் தூள் என்றார்.

மருத்துவர் வலது கீழ்ப்பல்லை மட்டும் எடுத்தால் போதுமே, மற்ற மூன்றும் தொந்தரவில்லாமல்தானே இருக்கின்றன என்று கேட்டார். "தொந்தரவு இருக்குங்க. உங்க படத்துல தெரியாது," என்றாள். அன்று வலது பக்கம் இரண்டும், பத்து நாள் கழித்து இடது பக்கம் இரண்டும் என்று முடிவாயிற்று. வலது கீழ்ப்பல்லுக்கு மூன்றேகால் மணி நேரம் ஆனது. பல் அசைந்து மேலே வந்தபோது அதோடு வேரும் வந்தது. நனைந்த நூல்போல, அறுபடாமல், வந்துகொண்டே இருந்தது. உதவிக்கு நின்ற பெண் அதை நூல்கண்டு சுற்றுவதுபோல இடதுகையில் சுற்றிக்கொண்டாள். முழங்கைவரை சுற்றவேண்டியிருந்தது. பல் இருந்த குழியிலிருந்து கொஞ்சம் ரத்தமும், அதன் பிறகு தண்ணீரும் வந்தது. தெளிந்த தண்ணீர், லேசாகக் குளோரின் வாசனை. இரண்டு வாளி நிரம்பிய பின் தானாக நின்றது. மருத்துவர் பஞ்சை வைத்து அழுத்தி, ஒரு மணி நேரம் துப்பக்கூடாது, இரண்டு நாள் சூடாக எதுவும் சாப்பிடக்கூடாது என்று சொன்னார். அதே நேரத்தில் சந்தையில் பத்து நிமிடம் தண்ணீர் மங்கலாக வந்ததாக ஒரு புகார் பதிவாகியிருக்கிறது.

அவள் வீட்டுக்கு வந்து படுத்து நான்கு நாள் தூங்கினாள். இடையிடையே கணவர் எழுப்பி ஆறிய கஞ்சியைக் கரண்டியால் கொடுத்தார். கண்ணைத் திறக்காமல் குடித்துவிட்டுத் திரும்பவும் தூங்கினாள். இடது பக்கம் எடுத்த பிறகு ஐந்து நாள் தூங்கினாள். அந்த நாட்களில் ஊரில் என்ன வெடித்தது என்று அவளுக்குத் தெரியாது. வீட்டில் யாரும் சொல்லவுமில்லை. கீழ் உதட்டின் வலது ஓரம் மரத்துப்போயிருந்தது. தண்ணீர் குடித்தால் ஒரு சொட்டு வழிந்தது. அதைத் துடைத்துக்கொள்வதற்கு ஒரு துண்டு போதும் என்பதால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறாவது நாள் காலை எழுந்து வந்தபோது மகள் சாப்பாட்டு மேசையில் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலது மேல்பக்கம். இந்த வயதில் அந்தப் பல்லே இருக்காதே என்று அம்மா ஓடிப்போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். பல் இல்லை, ஈறு மட்டும் பால்குடிக் குழந்தையின் ஈறுபோலச் சுத்தமாக இருந்தது.

"எப்பலேருந்து?"

"நீ தூங்கிட்டு இருந்தப்பவே ரெண்டு தடவை வந்துச்சும்மா. கீழ்வீட்டு ஆன்ட்டிக்கும் இருக்காம். எதிர்வீட்டுலயும். நம்ம தெருவுல எல்லாருக்கும்."

"ரொம்ப வலிக்குதா?"

மகள் யோசித்தாள். எறும்பு நடப்பதுபோல இருக்கிறது என்றாள். பிறகு, "இவ்வளவுதானாம்மா?" என்று கேட்டாள், கேட்டவுடன், கேட்டிருக்கக்கூடாதோ என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். தெருவில் எழுபது வீடுகள் இருந்தன. மேட்டுத் தெருக்கள் மொத்தத்தில் நாலாயிரம் வீடுகள். அம்மா மனதுக்குள் அந்த எறும்பைப் பெருக்கிப் பார்த்தாள். "தனியா இருந்தப்போ கொஞ்சம் அதிகமா இருந்துச்சு," என்று மட்டும் சொன்னாள். மகள் எழுந்துவந்து, நெற்றியில் கொடுக்கலாமா வேறு எங்காவது கொடுக்கலாமா என்று ஒரு கணம் தடுமாறி, கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அந்தக் கன்னம் இன்னும் கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது. ஆனாலும் அவள் முகத்தைத் திருப்பவில்லை.

வேலைக்குத் திரும்பியபோது இரண்டு தொலைபேசிகளும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு அடித்தன. சந்தைக்காரர்களுக்கு வலது கீழே, ரயில் நிலையத்தாருக்கு இடது மேலே, அவரவர் பகுதி அவரவர் வாயில் இருந்தது. பல் இல்லாத கிழவர்களுக்கு ஈறு வலித்தது. கைக்குழந்தைகள் நான்கு மணி நேரத்துக்கு முன்பே அழுதன. சந்தைக்காரர்கள்தான் அதிகம் அவதிப்பட்டார்கள். கடைகளில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வியாபாரம் செய்தார்கள், பேரம் பேசுவது பாதியாகக் குறைந்தது. முதல் மாதம் சிலர் அவளைத் திட்டினார்கள். அவள் அதையும் புகாராகவே பதிந்துகொண்டாள். ஒருநாள் பொறியாளர் தானே மாடியேறி வந்து, இடது கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு அவள் மேசைக்கு முன் நின்றார். அதிகாரிகள் குடியிருப்பு ரயில் நிலையத்தை ஒட்டி இருந்தது. அவள் சீட்டை எழுதி வால்வுக்காரரிடம் கொடுத்தாள். பதினைந்து வருடம் நகர்ந்த கோப்பு அந்த வருடக் கடைசியில் கையெழுத்தாகி, சந்தையில் பள்ளம் தோண்டத் தொடங்கினார்கள். ஊர் முழுவதும் மாற்றி முடிக்க இன்னும் இருபது வருடம் ஆகும் என்றார்கள்.

தளவாடப் பதிவேட்டில் அந்த நான்கையும் சிவப்பு மையால் அடித்தார்கள். புகார்ப் படிவத்தில் தெருப் பெயருக்குப் பக்கத்தில் 'மேல் / கீழ், வலி: லேசாக / நன்றாக' என்று ஒரு வரி சேர்த்து அச்சடித்தார்கள். அவள் வேலையில் ஒன்றும் குறையவில்லை. மாலையில் கழுத்தும் முதுகும் வலித்தன. வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றாமலேயே சற்று நேரம் உட்கார்ந்திருப்பாள். அந்த அயர்ச்சியை அவள் யாரோடும் பகிர்ந்துகொள்ளவேண்டியிருக்கவில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது.

மூன்றாவது வருடம், மழைக்காலத்தில் ஒரு காலை, இளைஞன் ஒருவன் தொலைபேசியில் கூப்பிட்டான். குரல் குழறியது. காலையிலிருந்து கடைவாய்ப்பல் விடாமல் வலிப்பதாகவும், பக்கத்து அறைக்காரர் பல் மருத்துவரிடம் போகாமல் இந்த எண்ணுக்குப் பேசச் சொன்னதாகவும், இது குடிநீர் வாரியம் என்று எடுத்தவுடன் சொன்னார்களே, தவறான எண்ணாக இருந்தால் மன்னிக்கவேண்டும் என்றும் சொன்னான்.

"சரியான நம்பர்தாங்க," என்றாள். "ஊருக்குப் புதுசா?"

"ஆமாங்க. போன வாரம்தான் வந்தேன்."

"மேலயா கீழயா?"

"கீழ. இடது பக்கம்."

அவள் ஆற்றோரம் என்று எழுதிக்கொண்டு, இன்னொரு தொலைபேசி அடிப்பதைக் கையால் அமர்த்தினாள். வால்வுக்காரர் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் தயாராக நின்றார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. வால்வை மூடிட்டா அரை மணி நேரத்துல சரியாயிடும். ஒரு வாளி தண்ணி மட்டும் பிடிச்சு வெச்சுக்குங்க," என்றாள். "எந்தத் தெரு?"